ஒரே தீவு, ஒரே பஞ்சம், எதிரெதிர் விடைகள்

[திரையில்: கடல் நடுவே வறண்ட எரிமலைத் தீவு]

1977-ல் பசிபிக் கடலின் கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள டாஃப்னே மேஜர் என்ற குட்டித் தீவில் மழை பொய்த்துப் போனது. அங்கே நடுத்தர தரை ஃபிஞ்ச் என்று ஒரு குருவி இருக்கிறது, விதை தின்று வாழ்வது. மழை இல்லாததால் புதுச் செடி முளைக்கவில்லை, சின்ன விதைகளை எல்லாம் குருவிகள் தின்று தீர்த்துவிட்டன, கடைசியில் மிஞ்சியது நெருஞ்சி இனத்துச் செடி ஒன்றின் முள்ளுக்காய்தான். அதை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். அது இல்லாதவை பட்டினியில் செத்தன. நூற்றுக்குச் சுமார் 85 குருவிகள் போய்விட்டன.

பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற உயிரியலாளர் தம்பதி 1973 முதலே அங்கே குருவிகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகை அளந்து குறித்து வந்தார்கள். அதனால்தான் செத்தது எது, பிழைத்தது எது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல முடிந்தது. பிழைத்த குருவிகளின் சராசரி அலகுத் தடிமன் முன்பைவிட அரை மில்லிமீட்டர் அளவுக்கு அதிகம். இவ்வளவுதானா என்று தோன்றலாம், ஆனால் அந்தக் காய் உடையுமா உடையாதா, அதாவது உயிரா சாவா என்பது அந்த அரை மில்லிமீட்டரில்தான் இருந்தது. அலகின் அளவு பெற்றோரிடமிருந்து குஞ்சுக்கு வருவது என்பதால் அடுத்த தலைமுறைக்கும் தடித்த அலகு அமைந்தது.

பரிணாமம் என்றாலே லட்சக்கணக்கான வருடக் கதை என்று நினைத்துப் பழகிவிட்டோம். இங்கே ஒரே ஒரு பஞ்சம் போதுமானதாக இருந்தது.

சரி, அப்படியானால் அலகு தடித்துக்கொண்டே போக வேண்டாமா? போகவில்லை. 1982-83-ல் எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது, வந்து மழை கொட்டித் தீர்த்தது, புல்லும் கொடியும் மண்டி அந்த முள்ளுச்செடியை மூடிவிட்டன, தீவு முழுக்கச் சின்ன விதைகள். அடுத்து வந்த வறட்சியில் சின்ன அலகுக் குருவிகளே அதிகம் பிழைத்தன.

[திரையில்: இரண்டு குருவிகள் அருகருகே, ஒன்று பெரியது]

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். அதே 1982-ன் கடைசியில் பெரிய தரை ஃபிஞ்ச் என்ற இன்னொரு இனக் குருவிகள் சில அந்தத் தீவுக்கு வந்து கூடு கட்டின. எடையில் நம் குருவியைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. முள்ளுக்காய் உடைப்பதில் கெட்டிக்காரப் பறவை. இருபது வருடத்தில் அவை பெருகின. 2003-லும் 2004-லும் மழை மிகக் குறைந்தபோது, 1977-ல் நடந்ததே மறுபடி நடக்கும் என்றுதான் யாரும் சொல்லியிருப்பார்கள். நடந்தது நேர் எதிர். முள்ளுக்காயைப் பெரிய குருவிகளே காலி செய்துவிட்டதால் நடுத்தரக் குருவிகளில் தடித்த அலகு கொண்டவை செத்தன, மெல்லிய அலகு கொண்டவை மிஞ்சின. அலகின் அளவோடு தொடர்புள்ள எச்எம்ஜிஏ2 என்ற மரபணுவின் எந்த வடிவம் இருந்தது என்பதற்கும் எது பிழைத்தது என்பதற்கும் தொடர்பு இருந்ததைப் பின்னர் கண்டுபிடித்தார்கள்.

மழை பெய்ததா இல்லையா என்பதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இது பிடிபடவே பிடிபடாது. அதே சாப்பாட்டுக்கு வேறு யார் வந்து நிற்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். சூழலியல் என்பது இந்தக் கேள்விதான்.

[திரையில்: காட்டோடை, சிறு அருவி]

குருவிகள் விஷயத்தில் இயற்கை தானாகச் செய்ததை மீன்களிடம் ஆட்களே செய்து பார்த்தார்கள். கரீபியன் கடல் தீவான டிரினிடாட்டின் ஓடைகளில் கப்பி என்ற சின்ன மீன்கள் உண்டு. அருவிக்குக் கீழே பெரிய வேட்டை மீன்கள் இருக்கும், அவற்றால் அருவி ஏற முடியாது. கீழே வாழும் கப்பிக்கு என்றைக்கு வேண்டுமானாலும் சாவு வரலாம் என்பதால் சீக்கிரமே பருவமடைந்து, சின்னச் சின்னக் குஞ்சுகளை நிறைய ஈனுகிறது. ஆண்களும் அவ்வளவு பளிச்சென்று இருக்காது, நிறம் அதிகமானால் வேட்டை மீன் கண்ணில் படும்.

1976-ல் ஜான் எண்ட்லர் என்ற உயிரியலாளர் அருவிக்குக் கீழிருந்து கப்பிகளைப் பிடித்து, கப்பியே இல்லாத ஒரு மேல் ஓடையில் விட்டார். அங்கே எதிரி என்று இருந்தது, பெரும்பாலும் குஞ்சுகளை மட்டுமே தின்னும் ஒரு சிறு மீன்தான். இரண்டே வருடத்தில் ஆண்களின் நிறம் கூடியது. டேவிட் ரெஸ்னிக் என்ற இன்னொரு உயிரியலாளரும் சேர்ந்து 11 வருடம், 30 முதல் 60 தலைமுறை வரை, பார்த்ததில் இந்தக் கப்பிகள் தாமதமாகப் பருவமடைந்து, குறைவான, ஆனால் பெரிய குஞ்சுகளை ஈனத் தொடங்கியிருந்தன. ஆய்வகத்தில் ஒரே மாதிரி வளர்த்துப் பார்த்தபோதும் வித்தியாசம் போகவில்லை, ஆகவே இது மரபணுவிலேயே வந்த மாற்றம்.

வேட்டை மீன் இல்லாததால் வந்த நிம்மதி என்று இதை விட்டுவிடக் கூடாது. தின்ன ஆள் இல்லாத ஓடையில் கப்பிக் கூட்டம் நெருங்குகிறது, நல்ல தீனி குறைகிறது. அந்த நெரிசலில் பெரிதாகப் பிறக்கும் குஞ்சுக்குத்தான் வாய்ப்பு.

அப்புறம், கதை ஓடைக்கும் திரும்புகிறது. ஓடைக்கரையில் செயற்கை வாய்க்கால்கள் அமைத்து இரண்டு வகைக் கப்பிகளையும் தனித்தனியே விட்டுப் பார்த்தார்கள். கீழ் ஓடைக் கப்பிகள் பூச்சிப் புழுக்களை அதிகம் தின்றதால் அவற்றின் வாய்க்காலில் பாசி கூடியது. மேல் ஓடைக் கப்பிகள் பாசியை அதிகம் மேய்ந்ததால் அங்கே பாசி குறைந்து பூச்சிகள் கூடின. ஓடை மாற்றிய மீன் ஓடையை மாற்றுகிறது, அந்த மாறிய ஓடையில்தான் அடுத்த குஞ்சு பிறந்து இரை தேடப் போகிறது.