யானை படுத்தாலும் குதிரை மட்டம்

(ஸ்தோத்திரப் பண்டிகை மாலைக் கூட்டத்தில் பேசியது)

மதிப்பிற்குரிய குருவானவர் ஐயா அவர்களே, சேகரச் செயலர் அண்ணாச்சி அவர்களே, இந்தக் கூட்டத்துக்குத் தன் பள்ளியின் நாற்காலிகளையும் மைக் செட்டையும் தந்த தலைமையாசிரியை அம்மா அவர்களே, விடியற்காலையிலிருந்து அசன விருந்துப் பந்தலில் நின்று கை சிவந்துபோன பெண்கள் ஐக்கியச் சகோதரிகளே, உங்கள் எல்லோருக்கும் ஸ்தோத்திரம். சமையல் செய்த அண்ணன்மார் இன்னும் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன். அவர்களுக்குத் தனியாக நன்றி சொல்லாமல் நான் ஆரம்பிக்க முடியாது.

எனக்குத் தந்த தலைப்பு ‘சோர்வுக்குப் பின் புது அழைப்பு’. மூன்று காரியங்கள் பேசலாம் என்று வந்தேன். சோர்ந்துபோவது பாவமல்ல என்பது ஒன்று. காத்திருக்கும் காலத்தில் என்ன செய்வது என்பது இரண்டாவது. புது வேலையைக் கர்த்தர் எப்படிக் காட்டுகிறார் என்பது மூன்றாவது.

முதல் காரியத்துக்கு வேதாகமத்துத் தீர்க்கதரிசி எலியா போதும். கர்மேல் மலையில் அக்கினியை இறங்கப்பண்ணின அதே எலியாதான், சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து “போதும் கர்த்தாவே” என்றார். கர்த்தர் கண்டிக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் வைத்தார். சாப்பிட வைத்தார், தூங்கவிட்டார், மறுபடியும் சாப்பிட வைத்தார். வேலையை அதற்கு அப்புறம்தான் கொடுத்தார்.

எங்கள் ஆச்சி “யானை படுத்தாலும் குதிரை மட்டம்” என்று அடிக்கடி சொல்வார்கள். வேலூரில் அப்படி ஒரு அம்மா இருந்தார்கள். டாக்டர் மேரி வர்கீஸ். கொச்சியில் பிறந்தவர், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யில் இளம் டாக்டர். 1954 ஜனவரியில் சக டாக்டர்களோடு உல்லாசப் பயணம் போன வண்டி கவிழ்ந்தது. முகத்தில் காயம், முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. இளம் வயது, கனவெல்லாம் மருத்துவம். அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு மேற்கூரையைப் பார்த்த நாட்களை நினைத்துப் பாருங்கள்.

அதே ஆஸ்பத்திரியில் டாக்டர் பால் பிராண்ட் இருந்தார், நம் கொல்லிமலையில் பிறந்தவர். தொழுநோய் நரம்பைக் கெடுத்தால் விரல்கள் மடங்கிக்கொள்ளும், சோற்றைக்கூட எடுக்க முடியாது. வேறு இடத்தில் நன்றாக வேலை செய்யும் தசைநாண் ஒன்றை எடுத்து அந்த விரல்களுக்கு மாற்றிக் கட்டி, விரல்களை நிமிர்த்துவார் அவர். கை ஆபரேஷனை உட்கார்ந்துகொண்டே செய்யலாமே என்று மேரிக்கு வழிகாட்டியவரும் அவர்தான். சக்கர நாற்காலியில் வந்த டாக்டர், மடங்கிய கைகளை நிமிர்த்தினார். செத்த தசையின் வேலையை உயிருள்ள தசைக்குக் கொடுக்கும் சிகிச்சை! அவருடைய வாழ்க்கையிலும் கர்த்தர் செய்தது அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

அதோடு அவர் நிற்கவில்லை. நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. 1972-இல் பத்மஸ்ரீ. யானை படுத்தாலும் குதிரை மட்டம்!

இனி என் அக்கா கதை. பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. ஐம்பது வருஷம் ஆல்டோ என்ற தாழ்ஸ்தாயியில் பாடிய குரல், அது மட்டும் விழவில்லை. ஒரு கிறிஸ்துமஸ் அதிகாலை, கட்டாயம் கோயிலுக்குப் போகணும் என்றாள். வாசலில் ஐந்து படி. நான்கு வாலிபத் தம்பிகள் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கினார்கள். நல்ல பிள்ளைகள், குறை சொல்ல மாட்டேன். மூன்றாம் படியில் நாற்காலி சாய்ந்தது, சேலை விலகியது, ஊரே பார்த்தது. ஆராதனை முழுக்க அக்கா பாடவில்லை. வீட்டுக்கு வந்ததும், “தம்பி, இனிமேல் என்னை மூட்டை மாதிரி தூக்கச் சொல்லாதே” என்றாள். அப்புறம் அவள் கோயிலுக்கு வரவேயில்லை. ஞாயிறுதோறும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மணிச்சத்தம் கேட்பாள். அந்தச் சபையின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே ஒரு சாய்வுப் பாதைக்காக மனுக் கொடுத்தேன். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார்கள். என் அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள்.

கப்பர்நகூமில் நடக்க முடியாத ஒரு திமிர்வாதக்காரனை இயேசுவிடம் சேர்க்க நான்கு பேர் வீட்டுக் கூரையையே பிரித்தார்கள். நான் கூரையைப் பிரிக்கச் சொல்லவில்லை. நம் தெற்கு வாசலில் மூன்று படி. ஒன்றரை அடி உயரம். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது கணக்கு, ஆக 18 அடி சாய்வும் ஒரு கைப்பிடியும் போதும். பூந்தொட்டிகளை நகர்த்தினால் இடம் இருக்கிறது, நான் அளந்து பார்த்தேன். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் பொதுக் கட்டடங்களில் இந்த வசதி வேண்டும் என்கிறது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து கோயில் வாசல் திறக்கக் கூடாது, ஐயா. நம் தெருக்களில் இன்னொரு மேரி வர்கீஸ் வீட்டுக்குள்ளே உட்கார்ந்திருக்கலாம். படுத்த யானைக்கு நாம் வாசலையாவது திறக்க வேண்டாமா?

மற்ற இரண்டு காரியங்களுக்கு நேரம் இல்லை, குருவானவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி. வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தெற்கு வாசலில் டேப்போடு நிற்பேன். கொத்து வேலை தெரிந்தவர்கள் வாருங்கள். முதல் பத்து மூட்டை சிமெண்ட் என் அக்காவின் பெயரில் வந்து இறங்கும்.