அவர் கையால் எழுதிய நான்கு பக்கம்: அபிகேல் ஆடம்ஸ் அம்மையாரும் அவர் கடிதங்களும்

(பாஸ்டன் பகுதியில் நடந்த தமிழ்ச் சங்க மகளிர் நாள் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, சங்கத்தின் செயற்குழு உறுப்பினர்களே, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்து நம் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லித்தரும் தமிழ்ப் பள்ளி ஆசிரியப் பெருமக்களே, இந்த அரங்கை வாடகை வாங்காமல் நமக்குத் தந்த நகர நூலகத்தின் இயக்குநர் அம்மையார் அவர்களே, அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் பேச்சை அவ்வப்போது ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கும் கல்லூரித் தங்கையே, பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்து, இந்தக் குளிரிலும் சால்வையைப் போர்த்திக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, மதியச் சாப்பாட்டைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டிருக்கும் தன்னார்வத் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய மருத்துவர் அம்மா பெண்களின் உடல்நலம் பற்றி மிக அருமையாகச் சொன்னார். குத்துவிளக்கேற்றி வைத்த மூத்த உறுப்பினர் அக்காவை நான் தனியாகச் சொல்லியாக வேண்டும். இந்தச் சங்கம் ஒரு வீட்டு வரவேற்பறையில் கூடிய காலத்திலிருந்து இருப்பவர் அவர். பொங்கல் விழாவுக்குப் பாத்திரம் தூக்கியவர், இன்று மேடையில் அமர்ந்திருக்கிறார். அவருக்கு ஒரு கைத்தட்டல் கொடுங்கள். சங்கத்தின் கணக்கைப் பல ஆண்டாகப் பைசா பிசகாமல் பார்க்கும் பொருளாளர் அண்ணனுக்கும் ஒன்று. நன்றி.

இந்த 2026 மார்ச் 31-ஆம் தேதி ஒரு கடிதத்துக்கு 250 வயது நிறைகிறது. எழுதியவர் நம் ஊர்க்காரர். ரெட் லைன் ரயிலில் பிரெயின்ட்ரீ பக்கம் போகிறவர்கள் குவின்சி சென்டர் நிலையத்தைத் தினமும் கடக்கிறீர்கள். அங்கே எதிரில் ஒரு கல் தேவாலயம் இருக்கிறது. அதன் நிலவறையில்தான் அபிகேல் ஆடம்ஸ் அம்மையாரை அடக்கம் செய்திருக்கிறார்கள். பக்கத்தில் கணவர் ஜான் ஆடம்ஸ், இந்த நாட்டின் இரண்டாவது ஜனாதிபதி. மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ், ஆறாவது ஜனாதிபதி. இரண்டு ஜனாதிபதிகளுக்கு நடுவே இருப்பதால் அவரை மனைவி என்றும் தாய் என்றும் மட்டும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

அவரைப் பற்றி நான்கு செய்திகள் சொல்லப் போகிறேன். ஒன்று, போர்க்காலக் கடிதங்கள். இரண்டு, அவர் பணத்தைக் கையாண்ட விதம். மூன்று, படிப்பும் அடிமை முறையும் பற்றி அவர் எடுத்த நிலை. நான்கு, அவர் தன் கையால் எழுதிய உயில். அதற்குமுன் எங்கள் அப்பத்தா அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று: தன் கையே தனக்கு உதவி. இதைப் பிடித்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரும்.

அபிகேல் 1744-இல் வேமவுத் ஊரில் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தார். பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பாவின் புத்தக அலமாரிதான் பள்ளிக்கூடம். 1764-இல் ஜான் ஆடம்ஸ் என்ற வக்கீலைக் கட்டிக்கொண்டு பிரெயின்ட்ரீ கிராமத்துக்கு வந்தார். இன்றைய குவின்சி அன்று பிரெயின்ட்ரீயின் ஒரு பகுதி. பத்து வருடம் கழித்து, 1774-இல், பிரிட்டன் ஆண்டுகொண்டிருந்த அமெரிக்கக் காலனிகளின் மாநாட்டுக்காக ஜான் பிலடெல்பியா போனார். அடுத்த பத்து வருடத்தில் பெரும்பாலான நாட்கள் கணவன் வெளியூரில், பிறகு கடல் தாண்டி ஐரோப்பாவில். இவர் கையில் நான்கு பிள்ளைகளும் ஒரு பண்ணையும். வீட்டு வாசல்வரை பிரிட்டனோடு நடந்த சுதந்திரப் போர். தன் கையே தனக்கு உதவி என்று வாழ வேண்டிய நிலை.

அவர்கள் இருவரும் எழுதிக்கொண்டவற்றில் 1,100-க்கு மேற்பட்ட கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. பாஸ்டன் பாய்ல்ஸ்டன் தெருவில் உள்ள மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகம் பாதுகாக்கிறது. இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். எழுதியவரோ, "என் கடிதங்களை எரித்துவிடுங்கள்" என்று கணவரிடம் கேட்டுக்கொண்டவர். நல்லவேளை, அந்த ஒரு விஷயத்தில் ஜான் மனைவி சொல் கேட்கவில்லை.

1775 ஜூன் 17. பாஸ்டன் பக்கத்தில், பிரிட்டிஷ் படையோடு பங்கர் ஹில் சண்டை. விடியற்காலையில் பீரங்கிச் சத்தம் கேட்டு, ஏழு வயது மகன் ஜான் குவின்சியின் கையைப் பிடித்துக்கொண்டு பென்ஸ் ஹில் என்ற குன்றின்மேல் ஏறினார். தூரத்தில் சார்ல்ஸ்டவுன் ஊரே எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பையனின் முறிந்த விரலை வெட்டாமல் காப்பாற்றிக் கொடுத்த குடும்ப மருத்துவர் ஜோசஃப் வாரன் அன்றைய சண்டையில் செத்துப்போனார். மறுநாள் உட்கார்ந்து கணவருக்கு எழுதுகிறார்: வெடித்துக்கொண்டிருக்கும் என் மனசு பேனா வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும்.

அதே ஆண்டு இன்னொரு கடிதத்தில் குண்டூசி கேட்கிறார்! முன்பு ஏழரை ஷில்லிங்குக்கு வாங்கியது இப்போது இருபது ஷில்லிங், அதற்கும் கிடைப்பதில்லை, பிலடெல்பியாவில் கிடைத்தால் ஒரு கட்டு வாங்கி அனுப்புங்கள் என்கிறார். குண்டூசிதானே என்று நினைக்காதீர்கள். இந்தக் குண்டூசியில்தான் அவர் வியாபாரம் ஆரம்பிக்கிறது. அதற்கு வருகிறேன்.

அதற்குள் ஒரு கதை. பிள்ளைகளும் கேட்கலாம், கதை இல்லை, நடந்தது. 1777 ஜூலை 31-ஆம் தேதிக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். போரினால் பாஸ்டனில் சர்க்கரைக்கும் காப்பிக்கும் பெரிய தட்டுப்பாடு. பெண்களுக்குக் காப்பி இல்லாமல் முடியவில்லை. நமக்குப் புரியும், காலையில் ஃபில்டர் காப்பி இல்லையென்றால் நம் வீடு என்ன ஆகும்? வியாபாரிகள் மூட்டை மூட்டையாகப் பதுக்கிவைத்திருக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு. ஏற்கெனவே சில கடைகளை ஊர்மக்கள் திறந்து சரக்கை எடுத்து விற்றிருக்கிறார்கள். அப்புறம் ஒரு பெரிய வியாபாரி. பணக்காரர், கல்யாணமாகாதவர், கஞ்சர் என்று அம்மையாரே எழுதுகிறார். அவர் தாமஸ் பாய்ல்ஸ்டன் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இன்று நாம் கடைக்குப் போகும் தெருவுக்கு இருக்கிற அதே குடும்பப் பெயர். ஜானின் அம்மா வழியில் சொந்தமும்கூட.

அவர் கிடங்கில் பெரிய பீப்பாய் நிறையக் காப்பிக்கொட்டை. பவுண்டு ஆறு ஷில்லிங்குக்குக் குறைத்து விற்கமாட்டேன் என்று பிடிவாதம். ஒருநாள் பெண்கள் கூடினார்கள். சிலர் நூறு பேர் என்கிறார்கள், சிலர் அதற்கும் மேல் என்கிறார்கள். வண்டியோடு கிடங்குக்கு நடந்து போனார்கள். "சாவியைக் கொடு." "மாட்டேன்." உடனே ஒரு அம்மா அவர் கழுத்தைப் பிடித்துத் தூக்கி வண்டிக்குள் போட்டார்! இனித் தப்ப வழியில்லை என்று தெரிந்ததும் சாவி கைமாறியது. வண்டியைக் குடைசாய்த்து அவரைக் கீழே கொட்டினார்கள். பிறகு கிடங்கைத் திறந்து, பீப்பாயைத் தாங்களே வெளியே தூக்கி, வண்டியில் வைத்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவருக்கு அடியும் விழுந்தது என்று ஊரில் வதந்தி. அது உண்மையில்லை என்று நினைக்கிறேன் என்று அம்மையார் நேர்மையாக எழுதுகிறார். இத்தனையும் நடக்கும்போது ஆண்கள் பெரும் கூட்டமாக நின்று, வாயடைத்து வேடிக்கை பார்த்தார்களாம். தன் கையே தனக்கு உதவி! இதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சரி, 250 வயதுக் கடிதத்துக்கு வருவோம். 1776 மார்ச் 31. சுதந்திரப் பிரகடனத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. புதிய சட்டங்கள் எழுதப் போகிறார்கள் என்று தெரிந்து கணவருக்கு எழுதுகிறார்: "பெண்களை நினைவில் வையுங்கள். உங்கள் முன்னோர்களைவிட அவர்களிடம் தாராளமாக நடந்துகொள்ளுங்கள். கணவர்கள் கையில் எல்லையற்ற அதிகாரத்தைக் கொடுத்துவிடாதீர்கள்."

ஜான் என்ன பதில் எழுதினார் தெரியுமா? எனக்குச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை என்றார். நல்ல மனிதர், மனைவிமேல் உயிரையே வைத்திருந்தவர், அவரே சிரித்தார். மே 7-ஆம் தேதி அம்மையார் திருப்பி எழுதினார்: எல்லா நாடுகளையும் விடுவிக்கிறீர்கள், மனைவிமார்மேல் உள்ள முழு அதிகாரத்தை மட்டும் விடமாட்டேன் என்கிறீர்கள்.

அந்த மார்ச் 31 கடிதத்தை ஓட்டுரிமைக் கடிதம் என்று பலர் சொல்கிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. அவர் தொட்டது கணவனின் அதிகாரத்தை. அன்றைய சட்டப்படி கல்யாணமான பெண் தனி ஆளே கிடையாது. அவள் கையில் இருக்கும் காசு கணவன் காசு. அவள் பெயரில் ஒப்பந்தம் போட முடியாது. கணவன் சம்மதமில்லாமல் உயில் எழுத முடியாது. மாசசூசெட்ஸில் இது மாற 1855 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தச் சட்டத்துக்குள் இருந்துகொண்டு அவர் என்ன செய்தார் பாருங்கள். ஜான் ஐரோப்பாவில் தூதராக இருந்தபோது, பணமாக அனுப்பாதீர்கள், சரக்காக அனுப்புங்கள் என்றார். கைக்குட்டை, ரிப்பன், குண்டூசி, தேயிலை எல்லாம் கப்பலில் வந்தன. உறவினர்களும் சிநேகிதிகளும் விற்றுக் கொடுத்தார்கள். தட்டுப்பாட்டுக் காலம், நல்ல லாபம். அதில் ஒரு பங்கை எடுத்துவைத்து, "நான் என்னுடையது என்று சொல்லும் இந்தப் பணம்" என்று எழுதுகிறார். சட்டம் அவருடையது இல்லை என்கிறது. அவர் என்னுடையது என்கிறார்.

ஜானுக்கு நிலம் வாங்கினால்தான் திருப்தி. நம் அப்பாக்கள் மாதிரி. அம்மையார், நிலத்தைவிட அரசாங்கக் கடன் பத்திரத்தில் வருமானம் அதிகம் என்று கணக்குப் போட்டு, அதில் போட்டு, சம்பாதித்தும் காட்டினார். ஒரு முறை அவரும் வெர்மான்ட்டில் நிலம் வாங்கினார். கணவர் பெயரிலும் நான்கு பிள்ளைகள் பெயரிலும் ஆளுக்கு 330 ஏக்கர். மொத்தம் 1,650. வாங்கியவர் பெயரில் ஒரு குழிகூட இல்லை. இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு மனசு கொதித்தது. வெர்மான்ட் விஷயத்தில் இனித் தலையிடாதே என்று ஜான் பதில் எழுதினார்.

அன்பான சகோதரிகளே, 330 ஏக்கர் கதை முடிந்துபோன கதையா? இந்த அரங்கிலேயே, கணவரின் வேலை விசாவோடு சேர்த்துத் தரும் ஹெச்-4 விசாவில் வந்து வேலைக்குப் போக முடியாமல் வீட்டை நடத்தும் பெண்கள் இருக்கிறீர்கள். வங்கிக் கணக்கின் கடவுச்சொல் தெரியாதவர்கள் இருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் 1989-லேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் ஊருக்குப் போகும்போது என் பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கச் சொல்லி அண்ணன் நீட்டும் விடுதலைப் பத்திரத்தில், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். அண்ணன் மனசு நோகக் கூடாதாம். அண்ணன்மேல் பாசம் இருக்கட்டும். பத்திரத்தைப் படித்துவிட்டுப் பாசம் காட்டுங்கள். தன் கையே தனக்கு உதவி என்று சொல்லிக்கொடுத்த அப்பத்தாவின் பெயரில் ஒரு சென்ட் நிலம் இருந்ததில்லை. அதனால்தான் நான் போகிற மேடையெல்லாம் இதையே பேசுகிறேன்.

படிப்பு பற்றி ஒரு நிகழ்ச்சி. 1797. ஜான் ஜனாதிபதியாகப் பதவியேற்கப் போகும் நேரம். வீட்டில் வேலை செய்த ஜேம்ஸ் என்ற கறுப்பினப் பையனை அம்மையார் மாலைப் பள்ளியில் சேர்த்தார். ஏற்கெனவே தன் வரவேற்பறையில் உட்காரவைத்து அவரே எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார். அண்டைவீட்டுக்காரர் வந்து, அவன் வந்தால் மற்ற பையன்கள் வரமாட்டார்கள், பள்ளியே மூடிவிடும் என்றார். அந்தப் பையன் மற்றவர்களைப் போலவே சுதந்திரமானவன், முகம் கறுப்பு என்பதற்காகப் படிப்பை மறுப்பதா என்று கேட்டார் அம்மையார். பையன் தொடர்ந்து படித்தான். இவர் அப்பா வீட்டிலேயே அடிமைகள் இருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1798-இல் அரசை விமர்சிக்கும் பத்திரிகைகளை ஒடுக்கும் சட்டத்தை அவர் ஆதரித்ததை என்னால் ஏற்க முடியாது. இருந்தாலும் அந்தப் பையனுக்காக வாசலில் நின்று வாதாடியதை மறக்க முடியாது.

1800 நவம்பரில் கட்டி முடியாத வெள்ளை மாளிகைக்குக் குடிபோனதும், விறகு இல்லாமல் தவித்ததும், பெரிய வரவேற்புக் கூடத்தில் துணி காயப்போட்டதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தலைவர் அவர்கள் கடிகாரத்தைக் காட்டுகிறார். உயிலைச் சொல்லாமல் நான் இறங்கமாட்டேன்.

1816 ஜனவரி 18. வயது 71. கணவர் உயிரோடு இருக்கிறார். மனைவி உயில் எழுத உரிமையில்லை என்கிறது சட்டம். அபிகேல் ஆடம்ஸ் உட்கார்ந்து, தன் கையால் நான்கு பக்கத்துக்கு உயில் எழுதினார். ரொக்கம், பங்குகள், பட்டு உடைகள் எல்லாவற்றையும் பிரித்து, பெரும்பகுதியைப் பெண்களுக்கே எழுதினார். பேத்திகள், சகோதர சகோதரிகளின் மகள்கள், மருமகள்கள், வீட்டில் வேலை செய்த பெண்கள். 1818-இல் அவர் இறந்தபின் ஜான் நினைத்திருந்தால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருக்கலாம். எந்த நீதிமன்றமும் கேட்டிருக்காது. 40 வருடத்துக்கு முன் சிரித்த அதே ஜான், மனைவி எழுதியபடியே எல்லாவற்றையும் நிறைவேற்ற விட்டார்.

இன்று நமக்கு அந்தத் தடை இல்லை. மாசசூசெட்ஸில் உயிலுக்கு உங்கள் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும் போதும். எழுதாவிட்டால் யாருக்கு எவ்வளவு என்று மாநிலச் சட்டம் முடிவு செய்யும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பின்வரிசை மேசையில் நம் சங்கத்தின் வக்கீல் சகோதரி இரண்டு மணி நேரம் இருப்பார், கட்டணம் கிடையாது. ஊர்ப் பத்திரங்கள் பற்றிய சந்தேகங்களையும் அவரிடம் கேளுங்கள். கணவன்மார்களும் கூட வாருங்கள். கூட்டுக் கணக்கு, வீட்டுப் பத்திரம், காப்பீடு, இவை யார் யார் பெயரில் இருக்கின்றன என்று எழுதிக்கொள்ள ஒரு பக்கப் படிவம் வைத்திருக்கிறோம், ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.