கேன்சர் செல்லை மட்டும் பாத்தா போதாது, சுத்தி இருக்கிற சதையையும் பாக்கணும்

(சுங்கை சிப்புட்ல ஒரு கோயில் மண்டபத்துல, சுத்துவட்டார தோட்டத்து மக்கள் முன்னாடி பேசினது)

எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கிழமை காலையில பசாருக்குப் போற நேரத்துல இத்தனை பேர் மோட்டர் எடுத்துக்கிட்டு வந்து உக்காந்திருக்கீங்க, அதுலயும் ஆம்பளைங்க இவ்வளவு பேர் வந்திருக்கீங்க, எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. புரோஸ்டேட்னு சொன்னாலே நம்ம ஆளுங்க பேச்சை மாத்திடுவாங்க, வீட்டு அம்மாதான் புருஷனை இழுத்துக்கிட்டு கிளினிக் வரைக்கும் வரணும்.

நான் டாக்டர் இல்லீங்க. ஆஸ்பத்திரி லேப்ல, பயாப்சி எடுத்த சதைத்துண்டை மெழுகுல வச்சு, மெல்லிசா சீவி, சாயம் ஏத்தி, ஸ்லைடு போட்டு டாக்டர் மேசைக்கு அனுப்புற வேலைய ரொம்ப வருஷம் பாத்தவன். அதனால மைக்ராஸ்கோப்புக்கு கீழ என்ன தெரியுதோ அங்க இருந்தே ஆரம்பிக்கிறேன்.

புரோஸ்டேட்ங்கிறது மூத்திரப்பைக்கு கீழ, மூத்திரக்குழாயை சுத்தி இருக்கிற சின்ன சுரப்பி, நல்ல வயசுல சுமார் 20 கிராம் இருக்கும். நாம நினைக்கிறது அது முழுக்க சுரப்பின்னு, ஆனா சுரப்பிக் குழாய்களுக்கு நடுவுல தசை, நார், நரம்பு, ரத்தக்குழாய், ஃபைப்ரோபிளாஸ்ட்னு ஒரு வகை செல், எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய பகுதியே இருக்கு, அதுக்குப் பேரு ஸ்ட்ரோமா. கேன்சர் வர்றது பெரும்பாலும் சுரப்பி செல்லுலதான். ஆனா அது எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு வேகமா போகும்ங்கிறதுல இந்த ஸ்ட்ரோமாவுக்கு பெரிய பங்கு இருக்கு, இன்னைக்கு நான் சொல்ல வந்தது அது ஒண்ணுதான்.

மேசன் ட்ரைகுரோம்னு ஒரு சாயம் இருக்கு. அதைப் போட்டா தசை செவப்பா தெரியும், கொலாஜன் நார் நீலமா தெரியும். நல்ல புரோஸ்டேட் ஸ்லைடுல ஒவ்வொரு சுரப்பியையும் சுத்தி செவப்பு தசைக்கட்டு வரிசையா ஓடும், பாக்கவே அழகா இருக்கும். கேன்சர் வந்த இடத்துல பல நேரம் அந்த செவப்பு குறைஞ்சு, சுரப்பிங்களுக்கு நடுவுல நீலம் பரவி நிக்கும். கேன்சர் செல்லே இல்லாத இடம்தான் அது, ஆனா அந்த இடமும் மாறிப் போச்சு.

ஏன் மாறுது? பால்மரம் சீவுற கத்தி விரல்ல பட்ட அனுபவம் இங்க பாதி பேருக்கு இருக்கும். ரத்தம் உறையும், அந்த உறைஞ்ச இடத்துல இருந்து டிஜிஎஃப் பீட்டான்னு ஒரு புரதம் வெளிய வரும், அதைப் பாத்து பக்கத்துல இருக்கிற ஃபைப்ரோபிளாஸ்ட் முழிச்சுக்கிட்டு, தசை மாதிரி இழுக்கிற சக்தியோட மாறி, கொலாஜனை கொட்டி, புண்ணோட ரெண்டு பக்கத்தையும் இழுத்து மூடும், புது ரத்தக்குழாய் வரும், புண்ணு ஆறினதும் அந்த செல்லுங்க வேலைய நிறுத்திட்டு மறைஞ்சு போயிடும். கேன்சரை சுத்தியும் இதே வேலைதான் நடக்குது, ஆனா நிறுத்துற கட்டம் மட்டும் வர்றதே இல்ல. 1986ல ஹெரால்ட் ட்வோராக்னு அமெரிக்க டாக்டர் ஒருத்தர், கட்டிங்கிறது ஆறாத புண்ணுன்னு எழுதினார். ஆற வைக்க வந்த செல்லே அங்க தங்கி, வளர்ச்சிக்கு வேண்டிய புரதங்களை கேன்சர் செல்லுக்கு கொடுத்துக்கிட்டே இருக்கும், வழிய அடைச்சு நிக்கிற நாரை வெட்டுற என்சைமையும் விடும்.

இது வெறும் ஊகம் இல்லீங்க. 1999ல அமெரிக்காவுல ஒரு பரிசோதனை வெளியாச்சு, எனக்கு ரொம்ப முக்கியமா படுறது அது. புரோஸ்டேட் செல்லுல ஒரு வகை, லேப்ல விடாம வளரும், ஆனா தானா கட்டி போடாது. அதை நல்ல புரோஸ்டேட்ல இருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட்டோட சேர்த்து எலிக்குள்ள வச்சாங்க, கேன்சர் வரல. அதே செல்லை கேன்சர் கட்டிக்குள்ள இருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட்டோட சேர்த்து வச்சாங்க, கேன்சர் கட்டியா வளந்துச்சு. முழு நல்ல செல்லோட அதே ஃபைப்ரோபிளாஸ்ட்டை வச்சப்ப ஒண்ணும் ஆகல. அப்போ சுத்தி இருக்கிற சதை மட்டும் தனியா கேன்சரை உண்டாக்கிடாது, ஆனா பாதி கெட்டுப் போன செல்லை முழுசா கெடுக்க அதால முடியும்.

இந்த எண்ணம் புதுசும் இல்ல. 1889லயே லண்டன்ல ஸ்டீஃபன் பேஜட்னு ஒரு சர்ஜன், மார்புக் கேன்சர்ல இறந்துபோன 735 பொம்பளைங்களோட ரெக்கார்டைப் பாத்துட்டு, கேன்சர் கண்ட இடத்துக்கும் போறதில்ல, விதைக்கு ஏத்த மண்ணு இருக்கிற உறுப்புலதான் முளைக்குதுன்னு எழுதினார். கன்னு நட்டு வளத்த ஜனத்துக்கு இதை நான் விளக்க வேணாம்.

புரோஸ்டேட் கேன்சருக்கு அந்த மண்ணு எலும்பு. முதுகெலும்பு, இடுப்பெலும்பு. அங்க போய் உக்காந்ததும் எலும்பு கட்டுற செல்லை தூண்டிவிடும், கோணல்மாணலா புது எலும்பு வளரும், அந்த எலும்பு வளர்ற இடத்துல வர்ற சத்துல கேன்சர் இன்னும் வளரும், ஒண்ணை ஒண்ணு ஏத்திவிட்டுக்கிட்டே போகும். இந்த இடத்துல எனக்கு மனசு பொறுக்கல. செம்பனைக் குலை தூக்கின இடுப்பு, வலிக்கத்தான் செய்யும்னு சொல்லி தைலம் தேச்சுக்கிட்டே இருந்துட்டு, கடைசியா வர்றப்ப அது எலும்புக்கு போயிருந்த ரிப்போர்ட்டுங்களை நான் நிறைய பாத்திருக்கேன். வாரக்கணக்கா விடாத இடுப்பு வலி, ராத்திரி படுத்தாலும் குறையாத வலி, அதை தைலத்தோட விடாதீங்க. கால் திடீர்னு பலம் இல்லாம போச்சுன்னா அன்னைக்கே எமர்ஜென்சிக்கு போங்க, மறுநாள் வரைக்கும் காத்திருக்காதீங்க.

நல்ல சேதியும் இதே இடத்துல இருக்கு. ரேடியம்-223னு ஒரு மருந்து, 2013ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது. உடம்பு அதை கால்சியம்னு நினைச்சு புது எலும்பு வளர்ற இடத்துக்கு கொண்டு போகும், அங்க இருந்துக்கிட்டு ரொம்ப குட்டை தூரத்துக்கு கதிர் விட்டு பக்கத்துல இருக்கிற கேன்சர் செல்லைக் கொல்லும். கவனிச்சீங்களா, அது கேன்சர் செல்லைத் தேடிப் போகல, கேன்சரை சுத்தி வளர்ற எலும்பைத் தேடிப் போகுது. எலும்புக்கு பரவி, ஹார்மோன் சிகிச்சைக்கும் அடங்காம போனவங்கள்ல சிலருக்கு அது ஆயுசை நீட்டியிருக்கு, எல்லாருக்கும் பொருந்தாது, டாக்டர்தான் முடிவு பண்ணணும்.

அப்போ சுத்தி இருக்கிற ஸ்ட்ரோமாவை மொத்தமா அழிச்சிட்டா தீந்துச்சான்னு கேப்பீங்க. கணையக் கேன்சர்ல எலிகளுக்கு அப்படி செஞ்சு பாத்தாங்க, 2014ல வெளியான முடிவு, கேன்சர் இன்னும் மூர்க்கமா போச்சு. ஸ்ட்ரோமாவுல ஒரு பகுதி தடுத்துக்கிட்டும் இருக்கு. அதனால அழிக்கிறதை விட அதை பழைய நிலைக்கு திருப்புறதுதான் சரியான வழின்னு எனக்குப் படுது.

கேன்சர் வளர்றதுல நரம்புக்கும் பங்கு இருக்கு, 2013ல எலிகள்ல அதைக் காட்டினாங்க. கொழுப்புக்கும் இருக்கு. புரோஸ்டேட்டை சுத்தி இருக்கிற கொழுப்பு ஒரு புரதத்தை விட்டு கேன்சர் செல்லை வெளிய இழுக்குது, உடம்பு பருமனா இருந்தா அது கூடுதுன்னு 2016ல ஃபிரான்ஸ்ல கண்டாங்க. தே தாரிக்ல சீனியைக் குறைங்கன்னு டாக்டர் சொல்றப்ப இனிப்புநீருக்கு மட்டும்தான்னு நினைச்சுக்காதீங்க.

பிஎஸ்ஏ ரத்த டெஸ்டும் இதே கதைதான். பிஎஸ்ஏங்கிறது புரோஸ்டேட் சுரக்கிற ஒரு புரதம், கேன்சர் விஷம் இல்ல, நல்ல சுரப்பியும் தினம் சுரக்கிறதுதான், உள்ள குழாய்க்குள்ள போகணும். சுரப்பியை சுத்தி இருக்கிற கட்டமைப்பு குலைஞ்சா ரத்தத்துல கசியும். கேன்சர்லயும் கசியும், கிருமி வந்தாலும் கசியும், வயசான காலத்துல சாதாரணமா வீங்கினாலும் ஏறும். அதனால நம்பர் கூடினதும் வீட்ல அழுகைய ஆரம்பிச்சிடாதீங்க, அதே சமயம் பேப்பரை அலமாரியில மறைச்சும் வைக்காதீங்க. 50 வயசு தாண்டினவங்க, அப்பாவுக்கோ கூடப்பிறந்தவனுக்கோ இருந்திருந்தா 45லயே, டாக்டர்கிட்ட இதைப் பத்தி பேசுங்க.

ஏற்கனவே பயாப்சியோ ஆபரேஷனோ ஆனவங்க ரிப்போர்ட்ல கிளீசன் நம்பரோட, அதாவது கேன்சர் எவ்வளவு மூர்க்கமானதுன்னு சொல்ற நம்பரோட, நிறுத்திடாதீங்க. நரம்பை சுத்தி போயிருக்கான்னு ஒரு வரி இருக்கும். புரோஸ்டேட்டைத் தாண்டி வெளிக் கொழுப்புல போயிருக்கான்னு இன்னொரு வரி இருக்கும், அது ஆபரேஷன் ரிப்போர்ட்ல எப்பவும் இருக்கும். ரெண்டுமே சுத்தி இருக்கிற சதையைப் பத்தினது. இந்த ரெண்டு வரிக்கும் என்ன அர்த்தம்னு உங்க டாக்டர்கிட்ட வாய் விட்டுக் கேளுங்க, கூட மகனையோ மகளையோ கூட்டிட்டுப் போங்க. ரிப்போர்ட் கையோட கொண்டு வந்தவங்க அந்தப் பக்க மேசைக்கு வாங்க, எந்த வரின்னு பென்சில்ல கோடு போட்டுத் தர்றேன்.