சருகுக்குத் தீ வைக்காதீங்க

(எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை பேசியது. வர முடியாதவர்கள் கேட்டதால் நினைவில் இருக்கும்வரை எழுதித் தருகிறேன்.)

தலைமை தாங்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, எனக்கு எட்டாம் வகுப்பில் அறிவியல் நடத்திய, இன்றைக்கும் முதல் வரிசையில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருக்கும் எங்கள் ஆசிரியர் ஐயா அவர்களே, மகளிர் குழுச் சகோதரிகளே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம். தலைவர் அம்மாவுக்கு இன்றைக்கு மட்டும் மூணு முகூர்த்தம், அதில் ஒன்றிலிருந்து பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்திருக்கிறார்கள் என்று இப்போதுதான் கேள்விப்பட்டேன், அதற்குத் தனியாக ஒரு நன்றி. அப்புறம், தூய்மைப் பணியாளர்கள் பின்னாடி சுவர் ஓரம் நிற்கிறீர்கள். தயவு செய்து முன்னாடி வந்து உட்காருங்கள். இன்றைய பேச்சு முக்கால்வாசி உங்களைப் பற்றியதுதான். நாற்காலி வரும்வரை நான் காத்திருக்கிறேன்.

சரி. பொன்னாடைக்குப் பதிலாக எனக்குக் கத்தரி நாற்று கொடுத்தீர்கள், மனசு நிறைந்துவிட்டது.

வீட்டிலேயே எரு செய்வதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஐந்து விஷயம் குறித்து வைத்திருக்கிறேன்: இடம், கலவை, ஈரம், கிளறுவது, செடிக்கு எப்போது போடுவது. எங்கள் அப்பாரு, எழுதப் படிக்கத் தெரியாதவர், எருக்குழிப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு சொலவடை சொல்வார்: 'எரு செய்யறதை இனத்தான் செய்யமாட்டான்.' பங்காளி கைவிடுவான், மச்சான் கைவிடுவான், குழியில் இருக்கிற எரு கைவிடாது என்பது அதற்கு அவர் சொன்ன அர்த்தம். அறுபது வயதுக்கு மேல் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

இடத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மண்தரை, கொஞ்சம் நிழல், நாலு பக்கமும் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி 3 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரம். அதைவிடச் சிறியதாக இருந்தால் உள்ளே சூடு நிற்காது. மாடியில் தொட்டி வைப்பவர்களுக்குச் சூடு வராது, ஆனாலும் மக்கும், நாள் கொஞ்சம் கூடும். அவ்வளவுதான்.

இப்போது கலவை. இதற்கு நான் ஈரோட்டில் வாடகை வீட்டில் இருந்தபோது நடந்ததைச் சொல்லியே ஆகவேண்டும். நல்ல சித்திரை மாசம். நீலநிற டிரம் ஒன்று வாங்கி, சுற்றிலும் ஓட்டை போட்டு, வீட்டில் மிஞ்சிய சோறு, புளித்த மோர், காய்த்தோல், தர்பூசணி ஓடு எல்லாவற்றையும் மூணு வாரம் போட்டேன். மண்ணுக்குப் போகிறது, குப்பை வண்டிக்குப் போகவில்லை என்று அவ்வளவு சந்தோஷம். பக்கத்து வீட்டில் ஒரு அக்கா, அவருடைய மகளைப் பெண் பார்க்கக் காங்கயத்திலிருந்து வந்திருந்தார்கள். பதினோரு பேர். எல்லோரும் வாசலில் பந்தல் நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒப்புட்டு வருகிறது, காப்பி வருகிறது, காற்று எங்கள் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் அடிக்கிறது. மாப்பிள்ளையின் பெரியப்பா துண்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, 'ஏனுங், இங்க எங்காச்சு எலி செத்துக் கெடக்குதுங்களா?' என்று கேட்டார். அந்த அக்கா என்னைத் திட்டவில்லை. சாயங்காலம் வந்து, 'தம்பி, இன்னிக்கு ஒரு நாளைக்காச்சும் மூடி வெச்சிருக்கலாமுங்க' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. மறுநாள் டிரம்மைக் கொண்டுபோய் எங்காவது கவிழ்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

காலையில் ஊரிலிருந்து எங்கள் அம்மா வந்திருந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, டிரம்முக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பிழிந்தார். விரல் இடுக்கில் தண்ணீர் ஒழுகியது. 'ஏஞ்சாமி, இதுக்கு மூச்சு முட்டுது. சருகு எங்க கண்ணு?' என்றார். எங்களிடம் சருகு ஏது? அம்மா வீதிக்கு நடந்தார். வீதிக் கடைசியில் இரண்டு வேப்பமரச் சருகையும் கூட்டிக் குவித்து, ஒருவர் தீப்பெட்டியைக் கையில் எடுத்துவிட்டார். எங்கள் அம்மா, எழுபத்தெட்டு வயது, அந்தக் குவியல்மேல் சீமாற்றை வைத்துக்கொண்டு நின்று, 'தீ வெக்காதீங்க, இது எனக்கு வேணும்' என்றார். அந்த மனுசன் எதுவும் பேசாமல் சாக்கு பிடித்துக் கொடுத்தார். நாலு சாக்கு.

டிரம்மைக் கொல்லையில் கவிழ்த்தோம். ஒரு கூடை ஈரக்குப்பைக்கு இரண்டு கூடை சருகு, நடுநடுவே மாட்டுக் கட்டுத்தரையிலிருந்து அம்மா பையில் கொண்டுவந்த பழைய எரு கைப்பிடி. மூணாம் நாள் நாற்றம் போய்விட்டது. ஐந்தாம் நாள் விடியற்காலையில் கடப்பாரையால் கிளறினேன், இட்லிக் குண்டானைத் திறந்தமாதிரி ஆவி எழும்பியது. உள்ளே கை வைத்தேன், வைத்திருக்க முடியவில்லை. நுண்ணுயிர்கள் தின்று செரிக்கிற சூடு அது. 55 டிகிரிக்கு மேல் மூணு நாள் நின்றால் களை விதை, நோய்க்கிருமி பெரும்பாலும் செத்துவிடும். கார்பன் 25 முதல் 30 பங்கு, நைட்ரஜன் 1 பங்கு என்று வேளாண்மைக்காரர்கள் கணக்குச் சொல்கிறார்கள். காய்கறிக் கழிவில் நைட்ரஜன் அதிகம், சருகில் கார்பன் அதிகம், இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும். எங்கள் அம்மாவுக்கு அந்தக் கணக்கு கையிலேயே இருந்தது. காங்கயத்துச் சம்பந்தம் நல்லபடியாக முடிந்தது, அந்தப் பெண் சீர்வரிசையோடு ஒரு சாக்கு எருவும் வாங்கிக்கொண்டு போனாள், போன தை மாசம்கூட முருங்கையைப் பற்றிக் கேட்டுப் போன் செய்தாள். எரு செய்யறதை இனத்தான் செய்யமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் மனசில் ஓடுகிறது. எருவுக்கு வழியில்லை என்று சொல்கிற ஊரில், எருவில் பாதிக்கு மேல் இருக்கவேண்டிய பொருளைத் தினமும் காலையில் வாசலில் வைத்துக் கொளுத்துகிறோம். மாசி, பங்குனியில் வேம்பும் புங்கையும் தூங்குமூஞ்சியும் மாறி மாறிக் கொட்டும். அப்போது எந்த வீதியில் போனாலும் புகை. கரும்புக் காட்டில் சோகைக்குத் தீ, தென்னந்தோப்பில் மட்டைக்குத் தீ. மட்டை சீக்கிரம் மக்காது, உண்மைதான், ஆனால் நறுக்கிப் போட்டால் மக்கும், இல்லையா செடியடியில் மண் காயாமல் மூடிவைக்கிற மூடாக்காகவாவது கிடக்கட்டும். பண்ணாரி அம்மன் கோயிலில் பங்குனிக்குத் தீக்குண்டம் இறங்குகிறோம், நெருப்புக்கு நம்மிடம் அப்படி ஒரு மரியாதை இருக்கிறது. அந்த நெருப்பைப் பிளாஸ்டிக் பையோடு சேர்த்துக் குழந்தைகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் வைக்கலாமா? 2024 ஏப்ரலில் கோயம்புத்தூர் வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கு பற்றி எரிந்து, நாள் கணக்கில் புகைந்ததே, அங்கே குடியிருக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். திறந்தவெளியில் குப்பையை எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. தலைவர் அம்மா அபராதம் போடவேண்டும் என்று நான் கேட்கவில்லை. கோயில் மைதானத்து மூலையில் கம்பி வலையில் சருகுக்கூண்டு ஒன்று வைத்துக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். தூய்மைப் பணியாளர் சகோதரிகளே, கூட்டிய சருகை என்ன செய்வது என்று இதுவரை யாரும் உங்களுக்கு ஒரு இடம் காட்டவில்லை. அது உங்கள் தப்பு இல்லை.

தலைவர் அம்மா தலையை ஆட்டுகிறார்கள். நூலகத்தில் இத்தனை பேர் பார்த்துவிட்டோம், ரொம்ப நன்றிங்க.

மணி அடித்துவிட்டார்கள். ஈரம், கிளறுவது, செடிக்குப் போடுவது மூன்றும் பாக்கி. ஈரத்துக்கு எங்கள் அம்மா சோதனை போதும்: ஒரு பிடி பிழிந்தால் கை நனையவேண்டும், சொட்டக் கூடாது. மற்றதைத் தேநீர் நேரத்தில் கேளுங்கள், ஆறு மணி வரை இங்கேதான் இருப்பேன். வாசல் பக்கம் நாற்பது சாக்கு மடித்து வைத்திருக்கிறேன், சுத்தமான சாக்கு. வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள். நாளைக்குக் காலையில் கூட்டுகிற சருகை அதில் கட்டி வையுங்கள், உங்களுக்கு வேண்டாம் என்றால் சொல்லி அனுப்புங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.