மஞ்சள் சிக்கன் சாலட்டும் அதன் அளவுகளும்

நேயர்களுக்கு வணக்கம். லண்டன் கடைகளில் சாண்ட்விச்சுக்குள் மஞ்சளாக, உலர்திராட்சையோடு ஒரு சிக்கன் சாலட் வைத்து விற்பார்கள். ‘கரோனேஷன் சிக்கன்’, அதாவது முடிசூட்டு விழாக் கோழி என்று பெயர். அந்தக் கலவைக்கும் அதன் மூலக் குறிப்புக்கும் உறவு கொஞ்சம்தான்.

1953 ஜூன் 2, இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழா. வெளிநாட்டு விருந்தினர் சுமார் 350 பேருக்கு வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு. சமையல் பொறுப்பு கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரையும் ரோஸ்மேரி ஹியூமும் நடத்திய சமையல் பள்ளிக்கு. அங்கே அடுப்படி சிறியது. அத்தனை பேருக்கும் சுடச்சுட இறைச்சி பரிமாற முடியாது. அதனால்தான் முன்பே செய்து ஆறவைக்கும் கோழி. குறிப்பு 1956-இல் அவர்களுடைய சமையல் நூலில் அச்சானது. அதில் உலர்திராட்சையே கிடையாது.

இங்கிலாந்தில் அச்சான கோழிக் கறிக் குறிப்பு அதைவிட இருநூறு வருடம் பழையது. கறி நம் சொல்தான். 1747-இல் ஹன்னா கிளாஸ் எழுதியதைப் பாருங்கள்: இரண்டு கோழி, மூன்று நான்கு சின்ன வெங்காயம், எண்ணி 30 மிளகு, கொத்தமல்லி விதையைச் சுத்தமான கரண்டியில் அல்ல, சுத்தமான மண்வாரியில் வைத்து நெருப்பில் வறுக்கச் சொல்கிறார். வெண்ணெய் ஒரு பெரிய வால்நட் அளவு. மிளகுக்குக் கணக்கு உண்டு, மல்லிக்கு இல்லை. எவ்வளவு நேரம் வேகவேண்டும்? இறைச்சி பதமாகும் வரை, அவ்வளவுதான். பொருள்களையும் அளவையும் தனியே தொகுத்துக் கொடுத்தவர் 1845-இல் எலைசா ஆக்டன். அவர் அதைக் குறிப்பின் கடைசியில் வைத்தார். 1861-இல் இசபெல்லா பீட்டன் தலைப்பக்கம் கொண்டுவந்தார். கரண்டியைத் தலைதட்டி அளக்கும் பழக்கத்தை 1896-இல் பாஸ்டனில் ஃபேனி ஃபார்மர் வலியுறுத்தினார். இத்தனைக்குப் பிறகும் 1956-இல் ஸ்ப்ரை நூல் ‘ஒரு ஒயின் கிளாஸ்’ என்றே எழுதுகிறது. அதை 100 மில்லி என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி செய்முறை. எட்டுப் பேருக்கு, ஒன்றேகால் கிலோ கோழி இரண்டு. கேரட், மிளகு, உப்பு போட்டு, கோழி மூழ்கத் தண்ணீர் விட்டு வேகவையுங்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் நெஞ்சுக்கறி நாராகிவிடும். ஓரத்தில் மட்டும் குமிழி வரும் சூடு போதும், சுமார் 45 நிமிடம். தொடையின் உள்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொடவேண்டும். வெந்த நீரிலேயே ஆறினால் இறைச்சி ஈரம் காக்கும். நம் ஊர் வெக்கையில் பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் இறக்கிச் சீக்கிரம் ஆறவையுங்கள்.

மசாலாவுக்கு வாருங்கள். உயிரே இங்கேதான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் பொடியாக நறுக்கிய 50 கிராம் வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, இரண்டு தேக்கரண்டி கறிப்பொடி சேர்த்து இளந்தீயில் ஓரிரு நிமிடம் புரட்டுங்கள். கடைச் சாண்ட்விச் தவறவிடுவது இந்தப் படியைத்தான். பச்சைப் பொடியை மயோனைஸில் கொட்டிக் கலக்கினால் வெந்தயமும் மஞ்சளும் பச்சை வாடையோடு நாக்கில் மண்போல் நெருடும். தீய்ந்துவிட்டாலோ வெந்தயம் கசக்கும். அதைச் சர்க்கரை போட்டு மறைக்க முடியாது, கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். காரமான செட்டிநாட்டுப் பொடி வேண்டாம், பின்னால் சேரும் ஆப்ரிகாட் பழத்தின் ருசி காணாமல் போய்விடும்.

பிறகு ஒரு தேக்கரண்டி தக்காளி விழுது, சிவப்பு ஒயின் 100 மில்லி, தண்ணீர் 75 மில்லி, ஒரு பே இலை, உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை, இரண்டு வில்லை எலுமிச்சை, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. பே இலை என்றால் பிரியாணிக்குப் போடும் பிரிஞ்சி இலை அல்ல. பிரிஞ்சியில் பட்டை வாசம் அடிக்கும். ஒயின் வேண்டாதவர்கள் கோழி வெந்த நீரோடு ஒரு தேக்கரண்டி வினிகர் விடலாம், ருசி சற்று மெலியும். மூடாமல் பத்து நிமிடம் சுண்டவிட்டு வடிகட்டி, நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு சேர்த்தால் மயோனைஸ் திரிந்து எண்ணெய் தனியே நிற்கும்.

ஆறியதை 425 மில்லி மயோனைஸில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஆப்ரிகாட் கூழ் ஒன்றிரண்டு மேசைக்கரண்டி, லேசாக அடித்த கிரீம் மூன்று மேசைக்கரண்டி சேருங்கள். உலர்ந்த ஆப்ரிகாட்டை ஊறவைத்து வேகவைத்து மசித்தால் கூழ் தயார்.

ஆறிய கோழியை எலும்பு நீக்கித் துண்டாக்கி, துணியில் ஒற்றி ஈரம் எடுத்தபிறகே சாஸில் போடவேண்டும். இல்லாவிட்டால் அரைமணியில் தட்டின் அடியில் தண்ணீர் தேங்கும். பரிமாறும் வரை குளிர்பெட்டியில், 5 டிகிரிக்குக் கீழே. வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். உப்பைக் கடைசியில், குளிர்ந்த பிறகு ருசி பாருங்கள். குளிர்ச்சியில் உப்பு குறைவாகத்தான் தெரியும். சூட்டில் சரியாக இருந்தது மேசைக்கு வரும்போது சப்பென்று இருக்கும்.