கானாங்கெளுத்தியும் குடலுக்குப் போகும் ரத்தமும்

வணக்கம். காசிமேட்டில் மீன் வாங்குகிறவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பீர்கள். மீனிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு மார்ச் மாத ஞாயிறு, வெயிலேறிய நேரத்தில் ஐஸ் இல்லாத கூடையிலிருந்து கானாங்கெளுத்தி வாங்கினேன். செவுள் சிவப்பாகத்தான் இருந்தது, நாற்றமும் இல்லை. குழம்பு சாப்பிட்டு அரை மணி நேரத்தில் முகமும் கழுத்தும் சிவந்து, தலை விண்விண்ணென்று தெறித்து, வயிறு கலக்கிவிட்டது. டாக்டர் அலர்ஜி ஊசி போட்டு, கூடவே அசிடிட்டி மாத்திரையும் கொடுத்தார். "நெஞ்செரிச்சல் இல்லையே டாக்டர்" என்றேன். "இது ரத்தக்குழாய்க்கு" என்றார்.

எனக்கு மீன் அலர்ஜி கிடையாது. இந்த மீனின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். சூட்டில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக, அதாவது அலர்ஜியின்போது உடம்பே வெளிவிடும் அதே பொருளாக, மாற்றிவிடும். அப்புறம் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது.

நம் குடல் சுவரிலேயும் மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்புச் சக்தி செல்கள் ஹிஸ்டமினைச் சேமித்து வைத்திருக்கின்றன. அது வெளியே வந்தால் ரத்தக்குழாயில் இரண்டு ஏற்பிகளை, அதாவது அது போய் ஒட்டும் இடங்களை, பிடிக்கும். ஒன்று எச்1. குழாயின் உட்சுவர் செல்களில் இருக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கவைத்துக் குழாயைச் சட்டென்று விரியவைக்கும், சீக்கிரமே ஓய்ந்தும் போகும். இன்னொன்று எச்2. குழாயைச் சுற்றிய தசையிலேயே உட்கார்ந்திருக்கிறது. மெதுவாகத் தொடங்கும், ஆனால் விடாமல் நீடிக்கும். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கு வயிற்று உறுப்புகளுக்குப் போகிறது. அந்தக் குழாய்கள் கண்டபடி விரிந்தால் என்ன ஆகும்? ரத்தம் அங்கேயே தேங்கி, அழுத்தம் இறங்கும்.

ஹிஸ்டமின் ரத்த அழுத்தத்தை வீழ்த்துவதை ஆய்வாளர்கள் ஹென்றி டேலும் லெய்ட்லாவும் 1910இலேயே எழுதிவிட்டார்கள். பின்னால் வந்த அலர்ஜி மருந்துகள் அந்த வீழ்ச்சியைப் பாதிதான் தடுத்தன. இரைப்பை அமிலத்தைத் தொடவே இல்லை. காரணம், அவை எச்1ஐ மட்டும் அடைத்தன. எச்2ஐ அடைக்கும் மருந்தை மருந்தியல் ஆய்வாளர் ஜேம்ஸ் பிளாக்கின் குழு 1972இல் வெளியிட்டது. இரைப்பையில் அமிலம் சுரக்கவைப்பதும் எச்2தான்; அந்த அமிலத்தைக் குறைக்கத் தேடிய மருந்து அது. ஆனால் அதே எச்2 ரத்தக்குழாயிலும் இருக்கிறதே! என் கையில் இருந்த மாத்திரை அந்த வகைதான்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். தொண்டை வீங்கினாலோ, மூச்சு இறைத்தாலோ, மயக்கம் வந்தாலோ இந்த இரண்டு மாத்திரைகளையும் நம்பிக் காத்திருக்காதீர்கள். அப்போது வேண்டியது அட்ரினலின் ஊசி. உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.