ஷாம்புக்கு 336 மணி நேரம் காத்திருக்கச் சொல்லும் கேம்!

வணக்கம் மக்களே! இந்த கேமில் ஒரு ஷாம்பு கார்டு கிடைக்கும். அதைத் தொடாமல் வைத்திருந்தால் அழகான கூந்தலாக மாறும். எப்போது? 336 மணி நேரம் கழித்து. முழுசாக 14 நாள்! அதுவும் கேம் ஓடிக்கொண்டிருக்கும் நேரம்தான் கணக்கு.

கேமின் பெயர் பேட்டன் கைட்டோஸ். 2003 டிசம்பரில் ஜப்பானில், நின்டெண்டோவின் கேம்கியூப் என்ற கேம் கருவிக்கு வந்தது. உருவாக்கியது மோனோலித் சாஃப்டும் ட்ரை-கிரெசெண்டோவும். வரலாறு போதும்.

[திரையில்: சண்டைக் காட்சி]

இங்கே வாள், கேடயம், மருந்து எல்லாமே கார்டு. எது கைக்கு வருகிறதோ அதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். விமர்சகர்களின் முதல் புகாரே இதுதான்: எல்லாம் அதிர்ஷ்டம்! எதிரி வெட்ட வருகிறான், கையில் பார்த்தால் வாழைப்பழம். நியாயமான கோபம்தான். ஆனால் கார்டுகளில் 1 முதல் 9 வரை எண்கள் உண்டு. ரம்மி மாதிரி வரிசையாக இறக்கினால் அடி பலமாக விழும். நெருப்பையும் தண்ணீரையும் சேர்த்து இறக்கினால் ஒன்றை ஒன்று அணைத்துவிடும். ஆக, சீட்டைத் தேர்ந்தெடுத்து அடுக்குவதில்தான் திறமை. அதிர்ஷ்டத்தைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேர் சீட்டுக்கட்டைச் சரியாக அடுக்காதவர்கள் என்பது என் கட்சி. சண்டைக்கு வர விரும்புகிறவர்கள் கமெண்டில் வரலாம்.

இப்போது எனக்குப் பிடித்த இடம். காயாகக் கிடைக்கும் வாழைக்காய் கார்டு பையிலேயே பழுக்கும். விட்டுவிட்டால் அழுகும்! எதிரியைக் கொன்றாலும் பணம் விழாது. சண்டைக்கு நடுவே கேமரா கார்டை எடுத்து அவனைப் படம் பிடித்து, அந்தப் படத்தைக் கடையில் விற்க வேண்டும். உயிர் போகிற நேரத்தில் போட்டோவா என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கிறுக்குத்தனம்தான் கேமே. கல்யாண வீட்டு போட்டோகிராபர் கூட இவ்வளவு ஆபத்தில் வேலை பார்க்க மாட்டார்.

லெவல் ஏற ஒவ்வொரு முறையும் தேவாலயத்துக்குப் போக வேண்டும். இதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

அப்புறம் அந்த ஆங்கிலக் குரல்கள்! கிணற்றுக்குள் இறங்கி நின்று பேசுவது போல இருக்கும். அன்றைக்கு அதைக் கிண்டல் செய்யாதவர்கள் குறைவு. 2023இல் இந்த கேமை நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவிக்கு மெருகேற்றிக் கொண்டுவந்தபோது ஜப்பானியக் குரல் மட்டும்தான் வைத்தார்கள். உடனே, "எங்கள் கிணற்றுக் குரல் எங்கே?" என்று கேட்க ஒரு கூட்டம் கிளம்பியது. அதில் நானும் ஒருவன்.